நண்டுக் கடி அல்ல

1

“இல்லை” என்ற சொல்லை நான் எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

மகள் மதுரா தொலைபேசியில் கேட்டாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். ஸ்கான் எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடி எடுத்த அழைப்பு. நான் வேலையிடத்தில் இரண்டு கையிலும் முட்டைத் தட்டுகளோடு நின்றேன். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

“அப்பா, எங்கட ஆக்களில ஆருக்கும் ஆறு விரல் இருந்ததா?”

“இல்லை.”

“யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“இதில யோசிக்க என்ன இருக்கு? இல்லையெண்டால் இல்லை. ஏன் கேக்கிறாய்?”

பிள்ளையின் இடது கையில், சின்னி விரலுக்கு வெளியே, இன்னொரு குட்டி விரல் தெரிகிறதாம். அது பரம்பரையில் வருவது என்றால் பயப்பட ஒன்றும் இல்லையாம். பரம்பரையில் இல்லாமல் புதிதாக முளைத்திருந்தால், உள்ளே வேறு ஏதோ பிழை என்பதற்கு அது வெளி அடையாளமாக இருக்கலாம். இதயம், சிறுநீரகம், மூளை என்று டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னாராம். பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்ததால் இதயத்தை முழுதாகப் பார்க்க முடியவில்லை. வயிற்றுக்குள் ஊசி விட்டுத் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கலாம். அந்த ஊசியால் பிள்ளை கலைந்துபோகும் ஆபத்து சிறியது. ஆனால் இல்லவே இல்லை என்று எழுதித் தர மாட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் குடும்ப விபரம் வேண்டும்.

“மத்தியாசின்ர அம்மாட்டக் கேட்டிட்டன். அவ இண்டைக்கே எழுதி அனுப்புறாவாம்.”

மத்தியாஸ் அவளுடைய கணவன், இந்த நாட்டுப் பிள்ளை. என்னிடம் கேட்க முதல் அவனுடைய தாயிடம் கேட்டிருக்கிறாள். அது எனக்குச் சுட்டது. அந்தச் சூட்டில்தான் இரண்டாம் முறையும் சொன்னேன்: “எங்கட பக்கம் இல்லை, மோனை. அப்பிடியே எழுதச் சொல்லு.”

அப்பாவின் சொல்லை நம்பி அவள் போனை வைத்தாள். பிள்ளைகள் இப்போது நம்முடைய எந்தச் சொல்லையும் நம்புவதில்லை. இதை மட்டும் நம்பினாள்.

2

நெடுந்தீவில் இருக்கும் என் ஆட்கள் நான் சுவிசில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஏதோ பெரிய உத்தியோகம் பார்ப்பதாக நினைத்திருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. என் வேலை முட்டை அடுக்குவது.

திங்கட்கிழமைகளில் பண்ணையிலிருந்து கருவுள்ள கோழிமுட்டைகள் வரும். துடைத்து, பென்சிலால் தேதி போட்டு, படுக்கையாக அடுக்கி, சூடும் ஈரமும் உள்ள பெட்டிக்குள் வைப்பேன். பேனா கூடாது, மை ஓட்டுக்குள் ஊறிவிடும். மூன்றாம் நாள் ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தால், கரு ஓட்டை விட்டுக் கீழே இறங்கும். பிறகு பயமில்லாமல் ஓட்டில் ஒரு ஜன்னல் வெட்டலாம். பெருவிரல் நகத்தின் அளவு. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். உடம்பின் ஓரத்தில் அரிசி முனையளவு ஒரு மேடு இருக்கும். அந்த மேடுதான் சிறகு.

எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர் ரூத். என்னைவிடப் பத்து வயது மூத்த, எப்போதும் கோப்பி மணக்கும் பெண். இத்தனை வருடத்தில் அவர் துண்டு துண்டாகச் சொன்னவற்றை, என் அரைகுறை ஜெர்மனில் கேட்டவற்றை, இங்கே தமிழில் சேர்த்து எழுதிப் பார்க்கிறேன்.

அந்த மேட்டிலுள்ள எந்த உயிரணுவுக்கும் தான் பெருவிரலா சின்னி விரலா என்று தெரியாது. பின்பக்க ஓரத்தில் ஒரு சிறு கூட்டம் மட்டும் ஒரு பொருளைச் சுரந்துகொண்டிருக்கும். அது அவர்களுடைய பேச்சு. பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சு பலமாகக் கேட்கும், தள்ளி இருப்பவர்களுக்கு மெல்லக் கேட்கும். பலமாகக் கேட்டவர்கள் சின்னி விரலாகிறார்கள். கேளாத் தூரத்தில் இருந்தவர்கள் பெருவிரல். மேட்டின் நுனியிலே மெல்லிய வரம்பு ஒன்று, “வளருங்கோ, வளருங்கோ” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். நுனி பேசுவதால் ஓரம் உயிரோடிருக்கிறது; ஓரம் பேசுவதால் நுனி. ஒன்று வாயை மூடினால் மற்றதும் அடங்கிவிடும். கை பாதியில் நின்றுவிடும். கடைசியில், விரல்களுக்கு இடையில் நிற்பவர்களுக்கு “நீங்கள் சாகலாம்” என்ற செய்தி போகிறது. அவர்களும் கேட்டு, மறுப்பில்லாமல் சாகிறார்கள். அப்படித்தான் நம் விரல்கள் தனித்தனியாக விரிகின்றன.

ஒருமுறை ரூத் பின் ஓரத்துக் கூட்டத்தில் ஒரு துணுக்கை எடுத்து இன்னொரு கருவின் முன் ஓரத்தில் ஒட்டிவைத்தார். மூன்று விரல் வரவேண்டிய சிறகில் ஆறு வந்தது, கண்ணாடி பார்த்ததுபோல. அந்த முட்டையின் ஜன்னலை ஒட்டுநாடாவால் மூடியவன் நான். ஒரு சொல் இடம் மாறினால் ஒரு கை மாறும் என்று என் கண்ணாலேயே கண்டவன்.

மதுரா போன் எடுத்த அன்று ரூத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

“குடும்பத்தில் உண்டா?”

“இல்லை.”

“யாரிடம் கேட்டாய்?”

“கேட்கவில்லை.”

ரூத் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்படியென்றால் ‘இல்லை’ என்று சொல்லாதே. ‘தெரியாது’ என்று சொல்.”

எனக்கு முகம் சிவந்தது. இங்கே வந்து இருபத்தெட்டு வருடம். ‘தெரியாது’ என்று சொன்ன இடமெல்லாம் கதவு மூடியதைக் கண்டவன் நான்.

3

குடும்பப் படிவம் மின்னஞ்சலில் வந்தது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குறை உள்ளவர்களுக்குக் கறுப்புப் பூச வேண்டும். தெரியாவிட்டால் கேள்விக்குறி.

மத்தியாசின் தாய் நான்கு தலைமுறையை நிரப்பி அனுப்பியிருந்தார். ஒரு பூட்டனுக்குக் குடலிறக்கம். ஒரு பெரிய தாய்க்குக் காது கேளாது. ஒருவர் மாட்டுக் கொட்டிலின் கூரையிலிருந்து விழுந்து கால் நொண்டி. அதையும், பரம்பரை இல்லை என்ற குறிப்போடு, எழுதியிருந்தார். வெட்கம் என்ற ஒன்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

என் மனைவி நந்தினி தன் சகோதரிகள் மூவரையும் அழைத்தாள். ஒருவருக்கும் இல்லை. “என்ர பக்கம் துப்பரவு,” என்று வந்து நின்றாள்.

“துப்பரவோ? நீர் என்ன, குசினியையே கழுவினனீர்?”

“கோபத்தை என்னில காட்டாதேங்கோ. உங்கட கொக்காவுக்கு எடுங்கோ.”

எனக்கு இருப்பது ஒரே அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். நெடுந்தீவில், மாடுகளோடு. அம்மாவும் ஐயாவும் போய்விட்ட பிறகு எங்கள் வீட்டுக் கதையெல்லாம் அவளுடைய வாய்க்குள்தான் இருக்கிறது. அவளுடைய மகள் தர்சிகா வேலணையில் படிப்பிக்கிறாள். ஆவணியில் அவளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை கனடா.

“அக்கா, எங்கட ஆக்களில ஆருக்கும் ஆறு விரல் இருந்ததோ?”

மாடொன்று கத்தும் சத்தம். காற்று. பிறகு அவள் குரல்.

“ஆர் உனக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் கேக்கிறன்.”

விஷயத்தைச் சொன்னேன். ஊசியைச் சொன்னேன். வியாழக்கிழமையைச் சொன்னேன்.

“எங்கட பரம்பரையில அப்பிடி ஒரு ஊனமும் இல்லை. அந்த வெள்ளைப் பொடியன்ர பக்கம் இருக்கும், வடிவாக் கேட்டுப் பார்.”

“அவை நாலு தலைமுறைக்கு எழுதித் தந்திட்டினம்.”

“அப்ப அதை வைச்சுப் பாக்கட்டும். தம்பி, தர்சிக்கு ஆவணியில கலியாணம். மாப்பிள்ளை பகுதி இப்பதான் வந்து போனது. இந்த நேரம் பாத்து விரல் கதை கதைக்கிறாய். விசரே உனக்கு?”

“மதுரான்ர பிள்ளை, அக்கா.”

“கடவுள் இருக்கிறார். ஒண்டும் வராது. காத்தடிக்குது, லைன் விளங்கேல்லை.” வைத்துவிட்டாள்.

லைன் நன்றாகவே விளங்கியது. ‘ஆர் உனக்குச் சொன்னது’ என்பது, மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் கேட்கும் கேள்வி இல்லை என்பதும் மறுநாள் பல்லுத் தீட்டும்போது விளங்கியது.

4

ஆஸ்பத்திரியில் பரம்பரை நோய்கள் பற்றி ஆலோசனை சொல்லும் பெண், ஸ்கான் எடுத்த அன்று மதுராவிடம் சொல்லியிருந்தார்: பெற்றோரின் பழைய மருத்துவக் குறிப்புகள் எதுவும் இருந்தால் கொண்டுவாருங்கள். எனக்கு என்ன பழைய மருத்துவக் குறிப்பு? நெடுந்தீவில் பிறந்தவன். என் பிறப்புச் சான்றிதழே இரண்டு இடப்பெயர்வைத் தாண்டி, ஓரம் கரைந்து வந்தது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை அலுமாரியைத் திறந்து அகதிக் கோப்பை எடுத்தேன். நம்மில் எல்லாரிடமும் அப்படி ஒரு கோப்பு இருக்கும். நீலமோ பச்சையோ, நாலாய் மடிந்த மட்டை. வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் கடவுச்சீட்டோடு சேர்த்து முதலில் தூக்குவது. அதற்குள் இருப்பதை ஒருவரும் வாசிப்பதில்லை. முடிவு வந்த நாளில் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை ஒரு நண்பன் வாசித்து, “சரியடா, தந்திட்டான்” என்றான். அந்த ஒரு வரிக்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன். மற்றப் பக்கங்களை மடித்து வைத்தேன். அப்போது எனக்கு மொழி தெரியாது. பிறகு மொழி தெரிந்தது, தேவை இருக்கவில்லை.

பதினேழாம் பக்கம், மருத்துவப் பரிசோதனை. அந்த அறை ஞாபகம் வந்தது. என்னைக் கழற்றி நிற்கவைத்து, ஒரு டொக்டர் ஒவ்வொரு தழும்பாக அளந்து போனார். எந்தத் தழும்பு ஆமியால் வந்தது, எது தானாக வந்தது என்று பிரிக்கும் வேலை அவருக்கு. தொடையில் ஷெல் துண்டு பட்டது. அது இருக்கிறது, சென்ரிமீற்றரில். முதுகில் அடி, இருக்கிறது. அதற்குக் கீழே:

“இடது கை, சிறு விரலின் வெளிப்புறம், பருப்பளவு தடிப்பு. சிறு வயதில் நண்டு கடித்ததாக மனுதாரர் சொல்கிறார். நண்டுக் கடி அல்ல. பிறவியில் இருந்த மேலதிக விரல் நீக்கப்பட்ட தடம். விசாரணைக்கு முக்கியமில்லை.”

மூன்று முறை வாசித்தேன். பிறகு கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஐம்பத்திரண்டு வருடமாக என்னோடு இருக்கும் தடிப்பு. முகம் கழுவும்போது கன்னத்தில் உரசும். நண்டு கடித்தது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! கதையை வளர்த்தும் சொல்லியிருக்கிறேன்: நண்டின் நிறம், நான் அழுத அழுகை, கடலின் இரைச்சல். மகளுக்கும் சொன்னேன். சின்ன வயதில் அவள் அதை விரலால் தடவிப் பார்த்து, “பாவம் நண்டு” என்பாள்.

என் உடம்பைப் பற்றிய ஒரு உண்மை ஒரு அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. முக்கியமில்லை என்று எழுதிய அந்த மனிதரின் மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் கடல் தாண்டி, ஒரு தீவில், மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நிற்கும் ஒருத்தியின் மேல் வந்தது. பிறகு என் மேலும். முட்டை ஓட்டில் ஜன்னல் வெட்டி இன்னொரு உயிரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், தன் கையைப் பார்க்கவில்லை.

5

திங்கட்கிழமை மதுரா அந்தப் பக்கத்தின் பிரதியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. இது நல்ல செய்தி. ஆனால் நடுவில் மகளுக்கு இல்லை. தாயிடம் வெளியே தெரியாமல் மறைந்து பிள்ளையில் வரலாம், அப்படி நடப்பதுண்டு. ஆனால் ஒருவரை மட்டும் வைத்து முடிவுக்கு வரத் தயக்கமாக இருக்கிறது. குடும்பத்தில் இன்னொருவர் இருந்தால், ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த ஸ்கானுக்குக் காத்திருக்கலாம்.

இன்னொருவர். அக்காவுக்கு எடுத்தேன்.

“அக்கா, எனக்கு ஆறு விரல் இருந்திருக்கு.”

“ஆரடா சொன்னது?”

“இஞ்சத்த டொக்டர். இருபத்தெட்டு வருசத்துக்கு முதல் எழுதி வைச்சிருக்கிறார்.”

“வெள்ளைக்காரன் எழுதினால் வேதமோ? அது நண்டு கடிச்சது.”

“கையில இப்பவும் கிடக்குது. தொட்டுப் பாத்துக்கொண்டுதான் கதைக்கிறன்.”

“கிடந்தால் கிடக்கட்டும். அதால உனக்கு இவ்வளவு நாளும் சோறு தின்ன ஏலாமல் போனதோ?”

“எனக்கு வேற ஒருத்தற்ற பேர் வேணும். ஐயாவுக்கு இருந்ததோ? அப்பப்பாவுக்கோ? ஆருக்கு இருந்தது?”

“ஒருத்தருக்கும் இல்லை.”

“பொய் சொல்லாதை.”

“ஓம், நான் பொய்க்காரிதான். நீ அங்க எழுதிக் குடு, அது கொம்பியூட்டரில ஏறட்டும், கனடாவில இருக்கிறவன்ர காதில விழட்டும். பேந்து தர்சியை நீ வந்து கட்டிக் குடு.” மூச்சு வாங்கினாள். “உனக்குத் தெரியுமே, ஒரு பெட்டைக்கு ஒரு சம்பந்தம் பொருத்துறது என்னெண்டு? சாதகம் பாத்து, நிறம் பாத்து, பல்லுப் பாத்து. வந்தவை அவளை நடக்க வைச்சுப் பாத்தவை. நீ அங்க இருந்துகொண்டு பேர் வேணுமாம், பேர்.”

“மதுரான்ர பிள்ளைக்கு ஊசி குத்தப் போறாங்கள், அக்கா. பிள்ளை கலைஞ்சால் நீ என்ன சொல்லுவாய்?”

இந்த முறை அவள் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். வைத்துவிட்டு, சமையல் மேசையில் கையால் அடித்தேன். உப்புப் போத்தல் விழுந்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நாங்கள் எதைத்தான் பேசாமல் விட்டோம்? கோயில் திருவிழாவில் யார் யாருக்குப் பக்கத்தில் நின்றது என்று பாரிசிலிருந்து ரொறொன்ரோ வரை ஒரு மணித்தியாலத்தில் பேசிவிடுகிறோம். காணி எல்லையை அங்குலத்தில் சொல்கிறோம். பேசவேண்டிய இடத்துக்கு வந்ததும் காற்றடிக்கிறது, லைன் விளங்குவதில்லை. கண் இல்லாத, காது இல்லாத ஒரு துளி உயிர், பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லவேண்டியதை நேரத்துக்குச் சொல்கிறது. அதற்குக் கலியாணப் பேச்சு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

6

புதன்கிழமை காலை தர்சிகாவிடமிருந்து ஒரு படம் வந்தது.

உள்ளங்கை கீழே இருக்க, ஒரு பெண்ணின் இரண்டு கைகள். படிப்பிக்கப் போகும் வழியில், படகால் இறங்கும் குறிகட்டுவான் துறைமுகத்தின் சீமெந்துக் கட்டில் வைத்து எடுத்திருந்தாள். ஓரத்தில் பஸ் சில்லொன்று தெரிந்தது. இரண்டு சின்னி விரல்களின் வெளிப்புறத்திலும் பருப்பளவு தடிப்பு. இரண்டிலும்.

கீழே எழுதியிருந்தாள்: “மாமா, பிறந்தவுடன ரெண்டு விரலையும் எடுத்தது. படத்தைப் பாவியுங்கோ, என்ர பேரைப் போட்டே எழுதுங்கோ. அம்மா நேற்று முழுக்கச் சாப்பிடேல்லை. என்ன எண்டு கேட்டுக் கேட்டு வாயைத் திறக்க வைச்சனான். படம் அனுப்பினது அவவுக்குத் தெரியாது. கலியாணத்துக்குப் பயப்பிடாதேங்கோ, அவருக்கு நான் முதல் கதைச்ச கிழமையே வீடியோவில காட்டிட்டன். தன்ர காலில ரெண்டு விரல் ஒட்டியிருக்கெண்டு அவர் தன்ர காலைக் காட்டினவர். மூண்டு மணித்தியாலம் சிரிச்சனாங்கள்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்காக இத்தனை மறைப்பு நடந்ததோ, அந்த இரண்டு பேரும் எப்போதோ சொல்லிச் சிரித்து முடித்துவிட்டார்கள். அது ஒரு தாய்க்குத் தெரியாது. நடுவில் ஒரு பிள்ளையின் உயிருக்குப் பக்கத்தில் ஊசி நின்றது.

படிவத்தில் ஒரு சதுரத்துக்கும் ஒரு வட்டத்துக்கும் கறுப்புப் பூசினேன். அதே மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். ஊசியை மதுரா வேண்டாம் என்றாள். மூன்று கிழமை கழித்து எடுத்த ஸ்கானில் பிள்ளை திரும்பிக் கிடந்தது. இதயத்தின் நாலு அறையும் வடிவாகத் தெரிந்தன. மத்தியாஸ் அந்த இருட்டறையில் அழுதானாம். நான் செய்தியைக் கேட்டபோது முட்டைக்கு முன்னால் நின்றேன். தேதி எழுதவேண்டிய இடத்தில் பென்சில் முறிந்தது.

அக்கா இரண்டு மாதம் எடுக்கவில்லை. போன ஞாயிறு எடுத்தாள். மதுரா எங்கள் வீட்டில் இருந்தாள், ஏழு மாத வயிற்றோடு கதிரையில். நான் போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தேன்.

“தர்சி சொல்லிப்போட்டாள்,” என்றாள் அக்கா. “எல்லாரும் சேந்து என்னை விசரியாக்கிப்போட்டியள். சரி, விடு. நான் ஒண்டுதான் கேக்கிறன். பிள்ளை பிறந்து படம் போடேக்க, கைக்கு மேசு போட்டு மூடி எடுங்கோ. குளிர் நாடுதானே, ஒருத்தரும் கேக்காயினம்.”

நான் வாயைத் திறக்கமுன் மதுரா குனிந்து போனுக்குக் கிட்டப் போனாள்.

“மாமி, நான் மதுரா. மேசு போடமாட்டன். ஆறும் தெரியிற மாதிரித்தான் எடுப்பன்.”

அந்தப் பக்கம் காற்றடித்தது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

“எந்தக் கை, மோனை?”

“இடது.”

“கொப்பருக்கும் இடதுதான்.” அக்காவின் குரல் சின்னதாகிவிட்டது. “அந்த விரலைக் குதிரை வால் மயிராலதான் இறுக்கிக் கட்டினவை. அம்மா கட்டினவ. நான் கொப்பற்ற காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். எனக்கு எட்டு வயசு. மூண்டு நாள் கத்தினவன். எட்டாம் நாள் கறுத்து விழுந்தது. என்னைத்தான் கொண்டுபோய் மண்ணுக்குள்ள தாக்கச் சொன்னவை.”

நந்தினி குசினி வாசலில் வந்து நின்றாள்.

“நீங்கள் அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் கட்டிப்போடாதேங்கோ,” என்றாள் அக்கா. “அது கிடக்கட்டும்.”